ஊதியமும் உள்ளம் விழையும் தொழிலும்

கலாசாலைப் படிப்பு முடிவெய்துங் காலத்து மாணாக்கர் பலருடைய நெஞ்சில் எழும் வினாவொன்றுண்டு. மிக்க சம்பளந் தரும் உத்தியோகம் ஒருபுறமும், உள்ளம் விழையும் தொழில் மற்றொருபுறமும் நின்று அழைப்பின், எதன்பாற் செல்வது? இவ்வினா இன்று புதிதாகப் பிறந்ததன்று. எனினும், ஒவ்வொரு தலைமுறையினரும் இதற்குத் தாமே விடை காணவேண்டியவராயிருக்கின்றனர். ஆதலின், இதனை ஈண்டுச் சற்று ஆராய்வோம்.

இது குறித்து அறிவுரை பகர்வோர் இருதிறத்தார். முதற் பொருளைத் தேடிக்கொள்ளுதல் வேண்டும், மற்றவை பின்னே வரும் என்பர் ஒருசாரார். விரும்பிய தொழிலையே மேற்கொள்ளுதல் வேண்டும், வறுமை வரினும் அஞ்சலாகாது என்பர் மற்றொருசாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் எதுவும் முழுவுண்மையன்று.

ஒரு மாணாக்கனைப் படிப்பிக்கும்பொருட்டுத் தந்தை நிலத்தை ஈடு வைத்திருக்கலாம். தாயின் நகைகள் அடகிலிருக்கலாம். வங்கியில் வாங்கிய கல்விக்கடனுக்கு வட்டி வளர்ந்துகொண்டிருக்கலாம். தம்பி தங்கையரின் படிப்பு அவன் கையை எதிர்நோக்கியிருக்கலாம். அத்தகையானை நோக்கிப் பொருளாசையை ஒழிக்கவென்று உபதேசித்தல் எளிது, அறமாகாது. அவன் ஈட்டக் கருதும் பொருள் ஆசையின்பாற் பட்டதன்று, கடமையின்பாற் பட்டது. இனி, கடமை தீர்ந்த பின்னரும், பழக்கத்தினாலும் ஊரார் மதிப்பினாலும் கட்டுண்டு, தனக்கு அமைந்த ஆற்றலை ஒருவன் பயன்படுத்தாது கிடக்கவிடுவானாயின், அதுவும் பிழையேயாம். பெற்ற தாலந்தை நிலத்திற் புதைத்து வைத்த ஊழியனைப்பற்றிய வேதாகம உவமையை நாம் அறிவோமன்றோ? அவன் அதனைச் செலவழித்துவிடவுமில்லை, களவு கொடுக்கவுமில்லை. புதைத்து வைத்ததே அவன் செய்த குற்றம்.

இவ்விரண்டினிடையே வழி கண்டவர் ஒருவரது வாழ்க்கையை நோக்குவோம். திருச்சிராப்பள்ளியில் 1888-ஆம் ஆண்டிற் பிறந்த சர் சி. வி. இராமன், சென்னை இராஜதானிக் கல்லூரியிற் பயின்று, 1907-இல் எம். ஏ. பட்டம் பெற்றார். மாணாக்கராயிருந்தபொழுதே பௌதிக நூலில் அவருக்கிருந்த ஈடுபாடு வெளிப்பட்டிருந்தது. எனினும், அக்காலத்தில் விஞ்ஞான ஆராய்ச்சியையே தொழிலாகக்கொண்டு நம் நாட்டில் வாழ்வதற்கு வழி அரிதாயிருந்தது. ஆகவே, அவர் அரசாங்க நிதியிலாகாத் தேர்வெழுதித் தேறி, அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் தலைவராக அமர்ந்தார். பதினெட்டு வயதினர்க்கு அஃது உயர்ந்த சம்பளமும் பெருமதிப்பும் வாய்ந்த பதவி.

மற்றையோராயின் அத்துடன் அமைந்திருப்பர். இராமனோ, பௌபஜார் வீதியில் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் ஒன்றிருப்பதைக் கண்டு, அதனுள் நுழைந்தார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய அச்சங்கத்தின் ஆய்வுக்கூடம் அவருக்குத் திறந்துவிடப்பட்டது. விடியற்காலையிற் சிறிது பொழுது, பின்னர்க் கணக்கு அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வுக்கூடம், இரவு நெடுநேரங் கழித்து வீடு என்று அவர் நாள்கள் சென்றன. இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபொழுதும் ஆராய்ச்சியை விட்டாரல்லர். இங்ஙனம் கழிந்தவை ஓராண்டு ஈராண்டல்ல, பத்தாண்டுகள். அப்பத்தாண்டுகளில் வயலின் முதலிய நரம்புக் கருவிகளின் ஒலியியலைக் குறித்தும் பிறவற்றைக் குறித்தும் பல கட்டுரைகள் வெளியிட்டார். இவற்றிற்காக அவர் சம்பளம் பெற்றாரல்லர்.

இதனிடையே, தாரகநாத பாலித் என்னும் வழக்கறிஞர் கொடுத்த பெருநிதியைக்கொண்டு கல்கத்தாச் சர்வகலாசாலையிற் பௌதிக ஆசிரியர் பதவியொன்று ஏற்பட்டது. துணைவேந்தராயிருந்த அசுதோஷ் முகர்ஜி அதற்கு இராமனைத் தேர்ந்தழைத்தார். அதன் சம்பளம் அரசாங்கச் சம்பளத்தினும் பெரிதுங் குறைந்தது. இராமன் 1917-இல் அரசாங்க உத்தியோகத்தைத் துறந்து அதனை ஏற்றார். பதினோராண்டுகட்குப்பின், 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், அவர் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறல் விளைவு கண்டறியப்பட்டது. 1930-இல் நோபெற் பரிசு கிடைத்தது.

பரிசைக்கண்டு வியப்பதோடு நில்லாது, 1917-ஆம் ஆண்டையே நாம் உற்றுநோக்குதல் வேண்டும். அன்று பரிசு உறுதியாயிருந்ததில்லை. உறுதியாயிருந்தது சம்பளக் குறைவொன்றே. ஆயினும் அது கண்மூடிக் குதித்த குதிப்பன்று. தம் விழைவு மெய்யானதென்பதை இராமன் பத்தாண்டு உழைப்பினால் தமக்கும் பிறர்க்கும் முன்னரே மெய்ப்பித்திருந்தார். அம்மெய்ப்பு இல்லையேல் முகர்ஜியின் அழைப்பும் வந்திராது.

அங்ஙனமாயின், அழைப்பு வாராதார் செய்யத்தக்கது யாது? எல்லார்க்கும் ஒரு பாலித்தும் ஒரு முகர்ஜியும் வாய்ப்பதில்லை. இதற்கு விடையாக நம் தமிழுலகிலேயே ஒருவருளர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து, வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய கலாசாலையிற் கற்ற சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைச் சர்வகலாசாலை முதன்முறையாக நடத்திய பி. ஏ. தேர்விற் தேறியவர். அரசாங்கக் கணக்கலுவல், வழக்கறிஞர் தொழில், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதி பதவி என ஊதியந் தரும் பணிகளிலேயே அவர் வாழ்வு சென்றது. ஆயினும், செல்லரித்து அழிந்துகொண்டிருந்த ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு, 1881-இல் வீரசோழியத்தையும் 1887-இற் கலித்தொகையையும் அச்சேற்றி, இவைபோன்ற பழைய நூல்கள் பலவற்றைத் தமிழர்க்கு உதவினார். ஏடு தேடலும் அச்சிடலும் பொருட்செலவுடையன; கையில் ஊதியமில்லாதார் அவற்றை மேற்கொள்ளுதல் அரிது. அவர்க்கு உத்தியோகம் தமிழ்ப்பணியின் பகையாகவன்றித் துணையாக நின்றது.

ஒருவர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். மற்றொருவர் ஊதியப் பணியோடு தமிழ்ப்பணியையும் செய்தார். வழி வேறாயினும் இருவர்க்கும் பொதுவாகிய தொன்றுண்டு. விரும்பிய பணிக்குரிய ஓய்வும் வசதியும் வந்தபின் தொடங்குவோமென்று அவ்விருவரும் காத்திருந்தாரல்லர்.

ஆகவே, தொழில் தேரும் மாணாக்கர் தம்மைத் தாமே வினாவத்தக்கன மூன்றுள. சம்பளமும் புகழும் இல்லாவிடினும், களைத்த மாலைப்பொழுதிலும் நாம் நாடிச்செல்லும் பணி எது? அதுவே மெய்யான விழைவு. ஏனையது பெரும்பாலும் பிறரைக் கண்டெழுந்த மயக்கம். நம் உழைப்பை நம்பியிருப்போர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டுகளில் அது தீரும்? அதனை மனத்தளவில் வைக்காது எழுதிக் கணக்கிடுதல் நலம். எல்லை காணாத கடமை ஆயுள் முழுவதற்கும் சாக்காகிவிடும். குறைந்த சம்பளத்துடன் விரும்பிய பணி நாளை வந்து அழைப்பின், அதனை ஏற்குமாறு நம் வாழ்க்கைச் செலவை அமைத்திருக்கின்றோமா? சம்பளம் உயருந்தோறும் செலவையும் உயர்த்திக்கொள்வோர், அழைப்பு வரும் நாளில் எழுந்து செல்லமாட்டாதவராவர்.

இம்மூன்றிற்கும் விடை காணுமுன் தாய்தந்தையரோடு அமர்ந்து பேசுதலும் இன்றியமையாதது. அவர்கள் அஞ்சுவது பெரும்பாலும் நம் விழைவைக்குறித்தன்று, நாம் நாளைப் பட்டினி கிடப்போமோவென்பதைக் குறித்தே. நாம் கணக்கோடு பேசின் அவர்கள் அச்சம் பெரிதுங் குறையும்.

உத்தியோகத்தை ஏற்பவர் அதனை நாணயத்துடன் செய்க. ஆயின் மாலைப்பொழுதில் ஒரு நாழிகையையேனும் தமக்குரிய பணிக்கு இன்றே ஒதுக்குக. விரும்பிய பணியையே மேற்கொள்பவர், அதனால் வருங் குறைவைப் பிறர்மேற் சுமத்தாது தாமே ஏற்க. இவ்விருவருள் எவரையும் நாம் தாழ்வாகக் கருதலாகாது. தாலந்து புதையாதிருத்தலே வேண்டுவது.