வலசைப் பறவைகளும் நம் தர்மமும்

நம் ஊரில் வசந்த காலம் என்று ஒன்று இல்லை. பூமத்திய ரேகைக்கு அருகில், வருஷம் பூராவும் வெயிலும் மழையுமாகக் காலம் கழிக்கும் நமக்குப் பங்குனி பிறந்ததும் சித்திரை வந்ததும் காலண்டரைப் பார்த்தால்தான் தெரிகிறது. ஆயினும், மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஸுபுஹுத் தொழுகைக்குப் பின் பொங்கோல் கடற்கரையில் போய் நிற்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். நமக்கு இல்லாத வசந்தத்தைத் தேடி, பறவைகள் நம் கண்ணெதிரே வடக்கு நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

தேக்காவில் சாமான் வாங்கவும், டன்லப் தெரு அப்துல் கபூர் பள்ளிவாசலில் தொழவும் நாம் நடந்து செல்லும் சிராங்கூன் சாலையின் பெயரே ஒரு பறவையிடமிருந்து வந்தது என்று கூறுவர். மலாய் மக்கள் ‘ரங்கோங்’ என்றழைத்த சதுப்பு நிலப் பறவை அது. அதே பெயர் கொண்ட சிராங்கூன் ஆறு பொங்கோலின் கிழக்குப் பக்கமாகச் சென்று, இப்பொழுது நீர்த்தேக்கமாக நிற்கிறது. ஆகவே பறவைகளைப் பற்றிப் படிப்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமன்று.

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் நம் சங்கத்துப் பிள்ளைகளுடன் நாம் பொங்கோலுக்குச் சென்றிருந்தோம். உடன் வந்த பெரியவர் ஒருவர் பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் பறவைகளுக்கு இறைத்தார். அவருடைய பேத்தி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நன்னா, போடாதீங்க. தப்புன்னு பள்ளிக்கூடத்தில் சொன்னாங்க.”

“வாயில்லா ஜீவனுக்கு ஆகாரம் கொடுப்பது தர்மமல்லவா, கண்ணே? அது எப்படித் தப்பாகும்?”

இருவர் முகமும் நம்மை நோக்கித் திரும்பின. அந்த நிமிஷத்தில் நம்மால் தக்க பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பதிலைத் தேடியதன் பயனே இப்பாடம்.

முதலில் பறவைகளின் கதையைக் கேட்போம். சைபீரியா, அலாஸ்கா, வட சீனம் முதலிய குளிர் நாடுகளில் குஞ்சு பொரித்த பறவைகள், அங்கே பனி இறங்குமுன் தெற்கே வருகின்றன. ஆஸ்திரேலியா வரை நீளும் இந்த ஆகாய வழியில் 22 நாடுகள் உள்ளன. சிங்கப்பூரும் அவற்றில் ஒன்று. செப்டம்பர் வாக்கில் பவளக்காலியும் பொன்னிற உப்புக்கொத்தியும் நம் சேற்று நிலங்களில் இறங்குகின்றன. தகைவிலானும் பழுப்புக் கீச்சானும் நீலவால் பஞ்சுருட்டானும் வெட்டவெளிகளுக்கு வருகின்றன. வசந்தம் நெருங்கியதும் அனைத்தும் திரும்பிவிடுகின்றன.

இப்பயணம் எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவையின் இளம் குஞ்சொன்று, 2022-ஆம் ஆண்டு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அதன் முதுகில் பொருத்திய சிறு கருவி இதை அறிவித்தது. வழியில் உணவில்லை, நீரில்லை. புறப்படுமுன் சேற்றிலுள்ள புழுவையும் நத்தையையும் தின்று, உடலெடையைக் கிட்டத்தட்ட இருமடங்காக்கிக்கொள்கிறது. அந்தக் கொழுப்பே கட்டுச்சோறு. வானில் சிறகு விரித்தும் ஒடுக்கியும் பறக்கும் பட்சிகளைக் கவனிக்கும்படி குர்ஆன் ஷரீப் ‘முல்க்’ அத்தியாயத்தில் நம்மைத் தூண்டுவது எத்துணைப் பொருள் பொதிந்தது!

இத்தகைய கல்வியில் நம் சமூகத்தார் பின்தங்கியவர்களல்லர். பம்பாயில் 1896-ஆம் ஆண்டு பிறந்த ஸாலிம் அலி, சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு வியந்து, அது என்ன குருவி என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குச் சென்றார். அந்த ஒரு கேள்வி அவரை இந்தியாவின் தலைசிறந்த பறவையியல் அறிஞராக்கிற்று. 1987-இல் காலமாகும் வரை அவர் அத்துறையிலேயே உழைத்தார். நாகூருக்குத் தெற்கேயுள்ள கோடிக்கரையிலும், வலசைப் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராயும் பணியை அவர் வளர்த்தார். துப்பாக்கி ஏந்திய பையனைக் கேள்வி கேட்கும் மாணவனாக்கியது ஒரு சிறு குருவியே அன்றோ?

இனி நம் பெரியவரின் கேள்விக்கு வருவோம். நாம் இறைக்கும் ரொட்டி வலசைப் பறவைக்குப் போய்ச் சேருவதில்லை. அதைத் தின்ன வருபவை காகமும் மைனாவும் புறாவும், மிச்சம் எலிக்கு. அவை அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. மனிதரிடம் ஆகாரம் பெற்றுப் பழகிய குரங்குகள், பிறகு பையைப் பிடுங்கவும் பிள்ளைகளை மிரட்டவும் துணிகின்றன. அதன் பலனை அந்தக் குரங்குகளே அனுபவிக்கின்றன. இதனால்தான் 2020-ஆம் ஆண்டு ஜூன் முதல் நடைமுறையிலுள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் காட்டுயிர்களுக்கு உணவிடுவோருக்கு முதல் முறை 5,000 வெள்ளி வரையும், மறுமுறை 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கப்படலாம்.

அப்படியானால் தர்மத்தின் வாசல் அடைபட்டுவிட்டதா? இல்லை. நாயகம் (ஸல்) அவர்களின் பயணத்தின்போது தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்து வட்டமிட்டது. அதைக் கண்ட நாயகம் அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு கட்டளையிட்டதாக அபூதாவூதில் வந்துள்ளது. அங்கே பறவைக்குக் கிடைத்த தர்மம் ஆகாரமன்று. அதற்குரியதை அதனிடமே விட்டுவிட்டதுதான். மேலும், ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது நட்டவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்துடைய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஆகவே, கையால் இறைக்கும் ரொட்டிக்குப் பதிலாக வேரூன்றி நிற்கும் ரொட்டியைக் கொடுப்போம்.

2020-ஆம் ஆண்டு தொடங்கிய பத்து லட்சம் மரம் நடும் இயக்கத்தில் பொதுமக்களும் சேர்ந்து நடுகிறார்கள். அடுக்குமாடி வீட்டில் வசிப்போர் வாசலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்தாலும் போதும். அதில் சில வகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். புழு இலையைக் கடித்துவிட்டதே என்று மருந்து தெளிக்காமல், நாலு கொத்தை அதற்கென்று விட்டுவிடலாம். குழம்பில் வாசனை குறைந்துவிடாது.

நிலத்தின் நிலையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கோழி, பன்றிப் பண்ணைகளும் மலாய்க் கம்பங்களும் இருந்த பொங்கோல் இன்று பெரும் நகரமாகிவிட்டது. வீடு நமக்கு வேண்டும், பறவைக்கும் வேண்டும். இரண்டையும் சேர்த்து எண்ணிய இடங்களும் இங்கேயே உண்டு. லோரோங் ஹாலூஸில் 1999 வரை ஊரின் குப்பையைக் கொட்டினார்கள். அந்தக் குப்பைமேட்டின் கசிவு நீரை நாணல் முதலிய செடிகள் சுத்தம் செய்யும் ஈரநிலம் 2011-இல் அங்கே உருவாயிற்று. கோனி தீவோ, முன்பு ஹா பார் சகோதரர்களுக்குச் சொந்தமாயிருந்து, 1950-இல் குலாம் மஹ்மூத் என்ற இந்திய வணிகர் கைக்கு வந்தது. கேளிக்கைத் தலமாக்க அவர் முயன்ற அத்தீவு, 2015 அக்டோபரில் 50 ஹெக்டர் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கே சவுக்கு மரங்களிடையே தூக்கணாங்குருவியும் காட்டுக்கோழியும் வாழ்கின்றன. பாக்கியமிருந்தால் நீர்நாய்க் குடும்பத்தையும் காணலாம்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு ரயில் ஏறினால், மாறாமலே பொங்கோல் சேரலாம். செல்வோர் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கவேண்டும். காலையிலேயே செல்க. குடிநீர் கொண்டுசெல்க. மணல் ஈ கடிக்குமாதலால் கையும் காலும் மூடிய உடை அணிக. பாதையை விட்டு விலகாதீர். கூட்டை நெருங்கிப் படம் எடுக்காதீர். நீர்நாயை எட்ட நின்றே பாருங்கள். பிள்ளைகளுக்கு ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுத்து, கண்ட பறவை, தேதி, இடம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் மூக்கின் நீளத்தையும் காலின் நிறத்தையும் எழுதட்டும். பெயரை வீட்டில் தேடிக்கொள்ளலாம். ரொட்டி உங்கள் பசிக்கு இருக்கட்டும்.

நம் முன்னோர்களும் காற்றின் பருவம் பார்த்துக் கடல் கடந்து இக்கரை வந்தவர்களே. வந்து இறங்கியவர்களுக்கு நிழலும் தண்ணீரும் தங்குமிடமும் கொடுத்த ஊர் இது. அதே கரையில் இறங்கும் இந்தச் சிறு பிரயாணிகளுக்கு இடையூறு செய்யாமல் இடம் விடுவது நம் கடமையாகும். வல்ல அல்லாஹ் அதற்குரிய நல்லறிவை நமக்கும் நம் சந்ததியாருக்கும் அருள்வானாக! ஆமீன்.