எந்தக் குளிசை நல்லது?

கேள்வி: வயது 38, எடை 86 கிலோ. நாளுக்கு ஐந்து தேத்தண்ணி குடிப்பேன், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. இரண்டு வருடமாகப் பிரஷருக்குக் குளிசை எடுக்கிறேன். கனடாவிலிருந்து வந்த மச்சாள் பசியை அடக்கும் குளிசைகள் இரண்டு வகை தந்தார்: பென்டர்மின், டையெதில்புரோபியன். பென்டர்மினை நான்கு நாள் எடுத்தேன். நெஞ்சு படபடக்கிறது, நித்திரையே இல்லை. இதய வால்வு பழுதாகிவிடும் என்கிறார்கள். மற்றதை எடுக்கலாமா?
– ச.ம., கிளிவெட்டி

பதில்: பயப்படாதீர்கள், மகள். நான்கு நாளில் வால்வு (இதயத்தில் இரத்தம் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் கதவு) பழுதாகாது. அந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் முன்பு பென்டர்மினோடு ஃபென்ஃபுளூரமின் என்ற வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பலருக்கு வால்வு கெட்டது. 1997இல் ஃபென்ஃபுளூரமினை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். பென்டர்மின் இன்றும் இருக்கிறது.

ஆனால் உங்கள் படபடப்பு வெறும் பயத்தால் வந்ததல்ல. இரண்டு குளிசைகளும் ஒரே குடும்பம். மூளையில் நோரட்ரீனலினை (உடலை உசார்ப்படுத்தும் இரசாயனம்) கூட்டித்தான் பசியை அமர்த்துகின்றன. அதே உசார் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் விடாது. வேறுபாடு முக்கியமாக நேரத்தில்தான். பென்டர்மின் காலையில் ஒன்று. ஏறத்தாழ 20 மணி நேரம் கழித்தும் அதில் பாதி இரத்தத்தில் நிற்கும். நித்திரை போனது அதனால்தான். டையெதில்புரோபியன் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் வழக்கமாக 25 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று தரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. இரவு சற்று நிம்மதியாக இருக்கலாம். பிரஷருக்கு ஆபத்து அதேதான். இரண்டுமே சில வாரங்களுக்கு மட்டும், வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டியவை. உங்களுக்கு இரண்டும் வேண்டாம் என்பேன்.

இன்றே நிறுத்துங்கள். பிரஷர் குளிசையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கே பிரஷரை அளந்து பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் மூதூர் ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள்.

நாளுக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்று எழுதியிருக்கிறீர்கள். பத்துக் கரண்டி, ஏறத்தாழ 50 கிராம், 200 கலோரி. முதலில் அதில் கை வையுங்கள். நான்கு கிலோ குறைந்தாலே பிரஷர் இறங்கத் தொடங்கும்.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பெட்டிகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். மச்சாள் தந்தது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.