பழைய வீடியோ விளையாட்டுக் கருவிகளுக்குப் புதிய மின்சுற்றுப் பலகை

மின்னணுக் கருவி ஒன்று பழுதுபடும்போது அதன் உறுப்புகள் அனைத்தும் ஒருங்கே கெட்டுவிடுவதில்லை. பல சமயங்களில், கருவியின் மூளையாகிய சில்லு நலமாகவே இருக்க, அதைத் தாங்கி நிற்கும் மின்சுற்றுப் பலகையே அழிந்துபோகிறது. மின்தேக்கியிலிருந்து கசியும் திரவம் தாமிரத் தடங்களை அரிக்கிறது. ஈரக்காற்று அவ்வரிப்பை வளர்க்கிறது. தேர்ச்சியற்ற கையின் பற்றவைப்பு எஞ்சியதைப் பெயர்த்துவிடுகிறது. 2001ஆம் ஆண்டு வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் கருவிகள் பலவற்றில், கடிகாரத்துக்கென வைத்த ஒரே ஒரு மின்தேக்கி கசிந்து பலகையைக் கெடுத்தது பலரும் அறிந்த செய்தியாகும்.

இவ்வாறு பலகையை இழந்த கருவிக்கு, அதே அளவிலும் அதே அமைப்பிலும் புதிய பலகை ஒன்று செய்து, பழைய சில்லுகளை அதன்மீது குடியேற்றும் பணி இன்று பல நாடுகளில் நடைபெற்று வருகிறது. அதன் முறையையும் எல்லையையும் இக்கட்டுரையில் காண்போம்.

சத்தியவேடு வட்டார வாசகர்களுக்கு இப்பொருள் அயலானதன்று. சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து, 1960ஆம் ஆண்டின் எல்லை மாற்றத்தின்போது ஆந்திரத்துடன் சேர்ந்த பகுதி இது; 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. இதனையும் வரதையபாளையத்தையும் ஒட்டி 2008இல் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் தொடங்கப்பெற்றது. 2015இல் அங்குச் செல்பேசிகளைப் பொருத்தும் பணி தொடங்கிற்று. புதிய பலகைகளில் உறுப்புகளைப் பொருத்தும் கைத்திறன் இவ்வட்டாரத்து இளைஞர் பலருக்கு இன்று பழக்கமானதே. பழைய பலகை ஒன்றைப் படித்தறிந்து மீண்டும் வரையும் திறனோ வேறு வகையானது. அது தனியே பயிலத்தக்கது.

எடுத்துக்காட்டாக ஒரு கருவி

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டில் ஃபாமிகாம் என்ற கருவியை வெளியிட்டது. அதுவே உருமாறி, 1985இல் நின்டெண்டோ என்டர்டெயின்மெண்ட் சிஸ்டம் என்ற பெயருடன் அமெரிக்காவை அடைந்தது. 1990களில் நம் நாட்டு வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து விளையாடப்பெற்ற கருவிகளுள் பெரும்பாலானவை இதன் போலிகளே.

இதன் உள்ளே நாற்பது கால்களுடைய இரு பெரிய சில்லுகள் உள்ளன. ஒன்று கணக்கிடுவதுடன் ஒலியையும் எழுப்புவது. மற்றொன்று படம் தீட்டுவது. அமெரிக்க வகையில், வினாடிக்கு ஏறத்தாழ 2 கோடியே 15 லட்சம் முறை துடிக்கும் படிகம் ஒன்று இரண்டுக்கும் தாளம் கொடுக்கிறது. முதற் சில்லு அத்துடிப்பைப் பன்னிரண்டால் வகுத்துக்கொள்கிறது. இரண்டாவது நான்கால் வகுத்துக்கொள்கிறது. இவற்றுக்குத் துணையாக இரண்டு கிலோபைட் நினைவுச் சில்லுகள் இரண்டும், சாதாரண 74 வரிசைச் சில்லுகள் சிலவும் உள்ளன.

முதற் சில்லின் கருவானது 6502 என்னும் புகழ்பெற்ற செயலியேயாகும். 1984இல் நம் மத்திய அரசு கணினிக் கல்விக்கென வகுத்த கிளாஸ் திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளில் வைக்கப்பெற்ற பிபிசி மைக்ரோ கணினியும் அதே 6502 செயலியைக் கொண்டதே. ஆகவே, விளையாட்டுக் கருவியைப் பிழைக்கவைக்கக் கற்றவர், நம் பள்ளிகளில் முதன்முதல் வந்த கணினியையும் பிழைக்கவைக்க அறிந்தவராவார்.

பலகையின் இயல்பு

கண்ணாடி இழையும் எபாக்சிப் பிசினும் சேர்ந்த தகட்டின்மீது மெல்லிய தாமிரத்தை ஒட்டி, வேண்டாத தாமிரத்தை இரசாயனத்தால் கரைத்து நீக்கினால், எஞ்சிய தாமிரம் கம்பிகளின் வேலையைச் செய்கிறது. தாமிரத்தின் வழக்கமான கனம் 35 மைக்ரான். மனிதனின் தலைமயிரை விட மெல்லியது. அதன்மேல் பூசிய பச்சை வண்ணம் அதைக் காக்கிறது. மேற்பக்கத் தடமும் கீழ்ப்பக்கத் தடமும் துளைகளின் உட்சுவரில் படிந்த தாமிரத்தால் இணைகின்றன. இம்முறைக்கு அடிகோலியவருள் முதன்மையானவர் ஆஸ்திரிய நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய பால் ஐஸ்லர் ஆவார்.

1980களின் விளையாட்டுக் கருவிப் பலகைகள் பல இரு பக்கம் மட்டும் தடமுடையவை. மறைந்த அடுக்கு அவற்றில் இல்லை. கண்ணுக்குத் தெரிவதே முழு உண்மை. இதனாலேயே அவற்றைப் படியெடுத்தல் தனி மனிதர் ஒருவர் தம் மேசையிலேயே செய்யக்கூடியதாகிறது.

படியெடுக்கும் முறை

முதலாவதாக, சீர்செய்யவே இயலாத பலகை ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இப்பணியில் அப்பலகை அழிந்துவிடுமாதலால், நல்ல பலகையை இதற்குப் பயன்படுத்தலாகாது. உறுப்புகளைக் கழற்றுமுன் இரு பக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து, ஒவ்வோர் உறுப்பின் எண்ணையும் மதிப்பையும் நிற்கும் திசையையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, பற்றாசை உறிஞ்சி எடுத்து, உறுப்புகள் அனைத்தையும் நீக்கவேண்டும். பின்னர் மென்மையான உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் பச்சைப் பூச்சு அகன்று தாமிரம் வெளிப்படும். அழுத்தித் தேய்த்தால் தாமிரமும் போய்விடும். கண்ணாடி இழைத் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகையால் ஈரத்துடன் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

மூன்றாவதாக, இரு பக்கங்களையும் ஸ்கேனரில் பதிவுசெய்ய வேண்டும். ஸ்கேனர் நீளத்திலும் அகலத்திலும் ஒரே அளவாக நீட்டும் என்று நம்பிவிடலாகாது. நாற்பது கால் சில்லில் ஒரு பக்கத்துக்கு இருபது கால்கள். அடுத்தடுத்த கால்களுக்கு இடையே 2.54 மில்லிமீட்டர். எனவே முதற் காலுக்கும் இருபதாவது காலுக்கும் உள்ள தூரம் பத்தொன்பது இடைவெளிகள், அதாவது 48.26 மில்லிமீட்டர். படத்தில் இவ்வளவு வருகிறதா என்று பார்த்துப் படத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

நான்காவதாக, மல்டிமீட்டரால் ஒவ்வோர் இணைப்பையும் தொட்டறிந்து சுற்று வரைபடம் தயாரிக்க வேண்டும். அதன் பின்னரே கீகேட் போன்ற மென்பொருளில் படத்தைப் பின்புலமாக வைத்துத் தடங்களை வரையவேண்டும். படம் ஒரு சாட்சி. மீட்டர் மற்றொரு சாட்சி. இரண்டும் ஒத்துவருகின்றனவா என்பதை மென்பொருளே ஒப்பிட்டுச் சொல்லும். வரைபடம் இன்றிப் படத்தை மட்டும் நம்பி வரைந்தவர், மயிரிழை வெடிப்பைத் தடத்தின் முடிவென்றும், அழுக்கை இணைப்பென்றும் கொள்ள நேரிடும்.

இறுதியாக, வரைந்ததைக் கெர்பர் கோப்புகளாக்கிப் பலகை செய்யும் தொழிற்சாலைக்கு அனுப்பலாம். நின்டெண்டோ கருவிக்கு இவ்வாறு வரையப்பெற்ற ஓபன்டெண்டோ என்னும் திட்டம் இணையத்தில் வெளியிடப்பட்டுள்ளது. பயில்வோர் தம் வரைபடத்தை அதனுடன் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கனமும் துளையும்

தடம் சரியாக அமைந்துவிட்டால் போதாது. இக்கருவியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் எழுபத்திரண்டு ஊசி இணைப்பான் பலகையின் விளிம்பிலேயே செருகப்படுகிறது. பலகை சற்றுக் கனமானால் இணைப்பான் விரிந்து கெடும். மெலிந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும். பொதுவான பலகைகள் 1.6 மில்லிமீட்டர் கனமுடையவை. கார்ட்ரிட்ஜின் உள்ளிருக்கும் பலகையோ 1.2 மில்லிமீட்டர். ஆகவே கனத்தை ஊகிக்காது வெர்னியர் காலிப்பரால் அளந்தே குறிக்கவேண்டும். திருகுத் துளைகளும் அவ்வாறே.

புதிய பலகையில் சில்லுகளை உடனே பொருத்துதல் ஆகாது. சில்லுகளுக்குச் சாக்கெட்டுகளை மட்டும் பற்றவைத்து, ஐந்து வோல்ட் தடத்துக்கும் தரைத் தடத்துக்கும் இடையே குறுக்குத் தொடர்பு இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பின்னர் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் உரிய காலில் ஐந்து வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். அதன் பின்னரே சில்லுகளை வைக்கலாம். பலகை கெட்டால் மீண்டும் செய்துகொள்ளலாம். சில்லு கெட்டால் அதற்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை.

சில்லே எல்லை

74 வரிசைச் சில்லுகளும் மின்தடைகளும் மின்தேக்கிகளும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கக்கூடியவை. இக்கருவிக்கென்றே செய்யப்பெற்ற இரு பெரிய சில்லுகளோ மூல வடிவில் இன்று தயாரிக்கப்படுவதில்லை. 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் தனிச் சில்லுக்கு ஈடாக, ஹார்லெக்வின் என்னும் பலகையில் சாதாரணச் சில்லுகள் பல சேர்ந்து வேலை செய்கின்றன. ஆயினும் எல்லாச் சில்லுகளுக்கும் இத்தகைய ஈடு செய்தல் எளிதன்று.

எனவே புதிய பலகையின் பயன், பழைய சில்லு உயிருடன் இருக்கும்வரை அதற்கொரு வீடு தருவதேயாகும். இவ்வேலையைத் தள்ளிப்போட இயலாமைக்குக் காரணமும் இதுவே. பலகை அரித்த கருவியைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டால், நல்ல சில்லும் அதனுடன் போய்விடுகிறது.

மூலப் பலகையின் குறைகளைப் புதியதில் திருத்தலாமா என்ற வினா எழும். சில கருவிகளின் படத்தில் மங்கலான செங்குத்துக் கோடுகள் தெரியும். படச் சைகைத் தடத்துக்கு அருகே வேகமாகத் துடிக்கும் தடங்கள் ஓடுவதால் விளைவது அது. தரைத் தடத்தை இடையே அமைத்தால் கோடுகள் குறையும். அருங்காட்சியகத்துக்கெனில் மூலத்தை மாற்றாது படியெடுத்தல் முறை. பயன்படுத்துவதற்கெனில் திருத்துதல் தகும். எதைச் செய்தாலும் அதனைப் பலகையின்மீதே எழுதிவைக்க வேண்டும். படியெடுத்த ஆண்டையும் அது படியே என்பதையும் பொறிக்காது, மூல நிறுவனத்தின் பெயரைப் பொறித்து விற்றல் ஏமாற்றாகும். விளையாட்டு நிரல்களின் பதிப்புரிமை தனியானது. பலகை செய்தவர்க்கு அது உரிமையாகிவிடுவதில்லை.

தொடங்குவோர்க்கு

முழுக் கருவியையும் முதலிலேயே எடுத்துக்கொள்ளுதல் வேண்டாம். அதன் கைப்பிடியை எடுத்துக்கொள்க. அதனுள் 4021 என்ற ஒரே சில்லும் எட்டுப் பொத்தான்களுமே உள்ளன. ஐந்து கம்பிகள் வெளிவருகின்றன: ஐந்து வோல்ட், தரை, பூட்டு, தாளம், தரவு. பூட்டுச் சைகை வந்ததும் எட்டுப் பொத்தான்களின் நிலையையும் சில்லு ஒருசேரப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் தாளத்துக்கு ஒன்றாக வரிசையில் அனுப்புகிறது. எட்டுச் செய்திகள் ஒரே கம்பியில் செல்லும் விந்தை இவ்வளவே. இப்பலகையை ஒரு மாணவர் சில நாட்களில் அளந்து வரைந்துவிடலாம்.

ஸ்ரீசிட்டியில் 2013 முதல் இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றும் இயங்கி வருகிறது. மின்சுற்றுப் பலகை முதலிய உறுப்புகளை நம் நாட்டிலேயே செய்வதற்காக மத்திய அரசு 2025ஆம் ஆண்டில் 22,919 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்துள்ளது. தொழிற்சாலைகள் பலகைகளைச் செய்து தரும். ஆனால் ஒரு தடம் ஏன் அவ்வழியே சென்றது என்று கேட்டறியும் பழக்கத்தை மாணவர் தாமே பயின்றுகொள்ள வேண்டும். அப்பயிற்சிக்கு வேண்டியவை ஒரு மீட்டர், ஒரு ஸ்கேனர், உப்புத்தாள், எவரும் வேண்டாமென ஒதுக்கிய ஒரு பழைய கருவி ஆகியவையே.