சுரங்க நிலத்தில் மழைநீர்: கானும் கலிங்கும்

ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் வாழ்வோருக்குப் பாரி ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அது கிந்தா ஆற்றில் கலக்கிறது. கிந்தா பேராக் ஆற்றைச் சேர்கிறது. 1880ஆம் ஆண்டுகளில் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈய வேட்டை தொடங்கிய பின்னர், மலைச் சரிவிலும் சமவெளியிலும் தோண்டப்பெற்ற மண்ணில் பெரும்பங்கு இவ்வாறுகளின் வழியே இறங்கியது. ஈயமணல் பாலோங் என்னும் சாய்ந்த பீலியில் தங்கிவிடும். மீந்த மணலும் களியும் நீரோடு போய்விடும். ஆற்றின் படுகை உயர உயர, முன்பு கரைக்குள் அடங்கிய வெள்ளம் வீட்டு வாசலுக்கு வந்தது.

இதன் முழுக் கொடுமையைச் சிலாங்கூர் மாநிலத்துக் கோலகுபு அனுபவித்தது. 1883இல் அங்கே பழைய அணையொன்று உடைந்து உயிர்ச்சேதம் விளைந்தது. அதன் பின்னும் ஈயலம்பங்களின் மணல் ஆற்றை மேடாக்கிக்கொண்டே வந்தது. முடிவில் ஊரையே மேட்டு நிலத்திற்குப் பெயர்த்தனர்; இன்றைய கோலகுபு பாரு அவ்வாறு பிறந்ததே.

1985இல் ஈய விலை சரிந்த பின் கிந்தாவின் லம்பங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. ஆயினும் மழைநீரின் சிக்கல் மூடப்படவில்லை. சுண்ணாம்புக் குன்றுகளில் கல்குவாரிகள் நடக்கின்றன. பழைய தோட்ட நிலங்கள் வீடமைப்புக்காகச் சமன்படுத்தப்படுகின்றன. தோல் உரிந்த மண் எதுவாயினும் மழைக்கு ஒன்றே. ஆகவே, இத்தகைய நிலத்தில் நீருக்கு எவ்வாறு வழி வகுப்பது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் ஒரு கணக்கு. 25 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 10 ஹெக்டர் வெறுநிலத்தில் ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். நம் நாட்டு மாலை மழைக்கு இது அரிய செய்தியன்று. விழும் நீர் 6,000 கன மீட்டர். பத்தில் ஏழு பங்கு மண்ணில் ஊறாமல் ஓடினால், 4,200 கன மீட்டர் கலங்கல் நீர் நம் கையில் இருக்கும். இனி அந்நிலத்திற்கு மேலே 100 ஏக்கர் காட்டுச் சரிவு இருந்து, அதன் நீரும் உள்ளே இறங்குவதாக வைப்போம். காட்டில் பாதிக்கு மேல் ஊறிவிடும் என்று கொண்டாலும் ஏறக்குறைய 9,600 கன மீட்டர் கூடுகிறது. தெளிந்து வந்த அந்நீரும் நம் மண்ணைத் தொட்டுக் கலங்கிவிடுகிறது. நாம் அடக்க வேண்டிய அளவு மும்மடங்கைத் தாண்டுகிறது.

எனவே முதல் வேலை குளம் வெட்டுவதன்று. தோண்டும் நிலத்தின் மேல்விளிம்பில், சரிவுக்குக் குறுக்காக, மெல்லிய சாய்வுடன் ஒரு கான் வெட்டி, மேட்டு நீரை உள்ளே விடாமல் ஓடைக்கு அனுப்பிவிட வேண்டும். இது தோட்டத் தொழிலாளருக்குப் புதிதன்று. ரப்பர்ச் சரிவுகளில் மட்டக்கோட்டை ஒட்டிக் கானும் மண்குழியும் வெட்டியவர்கள், பொறியியல் நூல் எதனையும் புரட்டாமலே இக்கலையை அறிந்திருந்தார்கள். கானின் சாய்வு மிகுந்தால் நீர் கானையே அரிக்கும்; குறைந்தால் தூர் சேரும். செங்குத்தான இடங்களில் கல் பாவிப் படிப்படியாக இறக்குவதே தக்கது.

உள்ளே விழுந்த மழையைத்தான் படிவுக் குளத்தில் நிறுத்துகிறோம். குளம் ஆழமாக இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பரப்பே முதன்மையானது. 0.2 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் ஆழத்தை ஒரு நிமிடத்திற்குள் கடந்துவிடும். 0.02 மில்லிமீட்டர் வண்டலுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். நம் கணக்கின்படி விநாடிக்கு 1.2 கன மீட்டர் அளவில் நீர் வந்தால், அவ்வண்டலைப் படியச் செய்ய ஏறக்குறைய 3,200 சதுர மீட்டர், அதாவது முக்கால் ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நீர்ப்பரப்பு தேவை. நுண்களிமண்ணோ மூன்று நாள் வரை எடுத்துக்கொள்ளும். அதற்குக் குளத்தைப் பெருக்கிப் பயனில்லை. வீட்டுக் குடத்தில் படிகாரம் கலக்குவது போல் மருந்திட்டுத் திரட்டிப் படிய வைத்து, பிறகே வெளியேற்ற வேண்டும்.

குளத்தின் உயிர் கலிங்கில் இருக்கிறது. மண்கரையின் மேல் நீர் வழியத் தொடங்கினால், அது கரையைச் சிறிது சிறிதாக அறுத்து, சில மணி நேரத்திலேயே உடைத்துவிடக்கூடும். உடைந்தால் ஒரு மழையின் நீர் மட்டுமன்றிப் பல மாதத்துச் சேறும் சேர்ந்து கீழேயுள்ள லயங்களையும் காய்கறித் தோட்டங்களையும் மூடும். ஆதலால் கரையின் தலையைவிடத் தாழ்வாக, புதிதாகக் கொட்டிய மண்ணின் மேலன்றிக் கெட்டியான இயற்கை நிலத்தில், கல் பதித்த கலிங்கு அமைய வேண்டும். நாள்தோறும் பெய்யும் மழையை அளவாகக் கொள்ளாமல், பல்லாண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழையைக் கருதியே அதன் அகலத்தைக் கணிக்க வேண்டும். இவ்விடத்தில் சிக்கனம் பார்ப்பவர் பிறர் வீட்டுப் பொருளில் சிக்கனம் செய்கிறார் என்பதே நம் கருத்து.

கிந்தாவுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. இங்கே மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது. அதில் பிளவுகளும் குகைகளும் மறைந்துள்ளன. ஒரு நாள் நிறைந்திருந்த குளம் மறுநாள் நிலத்துக்குள் வடிந்துவிடலாம், அதனோடு நிலமும் உள்வாங்கலாம். இடத்தைத் துளையிட்டு ஆராய்ந்து, அடியில் களிமண் இறுக்கிய பின்னரே நீர் நிறுத்த வேண்டும்.

1932இல் தோன்றிய வடிகால், நீர்ப்பாசன இலாகா, நகர்ப்புற மழைநீர் பற்றிய கையேட்டின் இரண்டாம் பதிப்பை 2012இல் வெளியிட்டது. பருமணல் நிலத்திற்கு மழைக்குப் பின் வற்றிவிடும் குளமும், நுண்மண் நிலத்திற்கு நீர் நிற்கும் குளமும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. கழிவு நீரைக் கண்டபடி விடுவதற்கு 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடையாக நிற்கிறது.

கட்டிய குளத்தைக் கவனிக்க ஒரு கம்பம் போதும். அதில் அளவு குறித்து நடுவில் நட்டுவைத்தால் தூர் எவ்வளவு ஏறியது என்பது தெரியும். தூருக்கு ஒதுக்கிய ஆழத்தில் பாதி நிறைந்தவுடன் வாரிவிட வேண்டும். வாரிய சேற்றைக் கரையோரத்தில் குவித்தால் அடுத்த மழை அதைத் திரும்பக் குளத்திலேயே சேர்க்கும். மேட்டில் தனியே கொட்டிப் புல் பதிக்க வேண்டும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களையொட்டி மழை வலுக்கும் முன்னரே இவ்வேலை முடிந்திருக்க வேண்டும். கலிங்கின் வாயில் சிக்கிய மரக்கிளைகளை அன்றன்று எடுத்துப் போடுவதற்கு ஓர் ஆள் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும்.