பெயரை மறைத்துப் படித்தால்

இந்த மாதப் பாடம் நடுவுநிலைமை. தலைப்பைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிடாதீங்க. எஸ்.பி.எம். தேர்வுக்கு மனப்பாடம் செய்த குறளை மறுபடி ஒப்பிக்க நான் வரவில்லை. இரண்டு பங்களாக்களைப் பற்றிப் பேசப் போகிறேன்.

முதல் பங்களா ஷா ஆலம், செக்‌ஷன் 7-இல் இருக்கிறது. அப்போது சிலாங்கூர் மந்திரி பெசாராக இருந்த அம்னோவின் முகமட் கிர் தோயோ 2007-இல் அதை 35 லட்சம் வெள்ளிக்கு வாங்கினார். விற்ற நிறுவனம் 2004-இல் அதே சொத்துக்குக் கொடுத்தது 65 லட்சம். 2010-இல் அவர்மீது வழக்கு தொடுக்கப்பட்டது. 2011 டிசம்பரில் உயர் நீதிமன்றம் 12 மாதச் சிறை விதித்தது. கூட்டரசு நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார், 2015-இல் அங்கேயும் தோற்றார்.

இரண்டாவது பங்களா பினாங்கு, பின்ஹோர்ன் சாலையில். முதலமைச்சராக இருந்த ஜசெகவின் லிம் குவான் எங் 2015-இல் அதை 28 லட்சம் வெள்ளிக்கு வாங்கினார். சந்தை விலை 42 லட்சத்து 70 ஆயிரம் என்றது குற்றச்சாட்டு. 2016 ஜூன் 30-ஆம் தேதி வழக்கு. விசாரணை முடிவதற்குள் 2018 மே மாதம் ஆட்சி மாறி, அவர் நிதியமைச்சரானார். செப்டம்பர் 3-ஆம் தேதி அரசுத் தரப்பு வழக்கை மீட்டுக்கொண்டது, நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஊழல் தடுப்பு ஆணையமே இந்த முடிவு தனக்கு அதிர்ச்சி தந்ததாக அறிக்கை விட்டது.

லிம் மீது நில வகை மாற்றம் தொடர்பாக இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. ஆனால் பங்களா விஷயத்தில் இரண்டு பேர் மீதும் பாய்ந்தது ஒரே சட்டம்: குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 165-ஆவது பிரிவு. கவரில் வைத்துக் கொடுத்த லஞ்சத்தை அது தேடவில்லை. அரசு ஊழியர் ஒருவர், தன் பதவி வேலையோடு தொடர்புடைய ஆளிடமிருந்து மதிப்புள்ள பொருளைப் போதிய விலை கொடுக்காமல் வாங்கினாரா? இதுதான் அது கேட்கும் கேள்வி.

இப்போது நம்ம ஆட்களைப் பார்ப்போம். கட்சிக்காக எழுதுகிறவர்கள், வீட்டில் நாற்காலி போட்டு அரசியல் பேசும் மாமாக்கள், வாட்ஸ்அப்பில் பாடம் எடுக்கும் அண்ணன்கள், எல்லாரும்தான். 2011-இல் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் சொன்னது: "பாதி விலைக்கு யார் வீடு விப்பா? இதுக்கு விசாரணை வேற வேணுமா?" அரசாங்க ஆதரவாளர்கள் சொன்னது: "விக்கிறவன் மனசார வித்தான், வாங்குறவன் மனசார வாங்குனான், உனக்கென்ன?" 2016-இல் அதே வசனங்களை ஆள் மாற்றிப் பேசினார்கள். எழுத்து மாறவில்லை, வாய் மட்டும் மாறியது. "இது அரசியல் பழிவாங்கல்" என்பதும் "நீதிமன்றம் முடிவு செய்யட்டும்" என்பதும்கூட இடம் மாறி உட்கார்ந்துகொண்டன. 2018-இல் மூன்றாவது சுற்று. அதுவரை நீதிமன்றத்தை நம்பச் சொன்னவர்கள் நம்ப மாட்டோம் என்றார்கள். நம்ப மாட்டோம் என்றவர்கள் தீர்ப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்த "மனசார" வாதத்தை யாரும் 165-ஆவது பிரிவோடு வைத்துப் படித்ததாகத் தெரியவில்லை. விற்றவர் ஏன் அவ்வளவு மனசார விற்றார் என்பதுதானே அந்தப் பிரிவின் சந்தேகமே!

இவர்கள் எல்லாரும் பொய்யர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருக்குறளில் நடுவுநிலைமை 12-ஆவது அதிகாரம். அதற்கு முந்தியது செய்ந்நன்றி அறிதல். ஏன் இந்த வரிசை? பரிமேலழகர் காரணம் சொல்கிறார்: நமக்கு நன்மை செய்தவரிடம் அந்த நன்றியை நினைக்கும்போது நடுவுநிலைமை சிதையும், அங்கேயும் சிதையக் கூடாது, அதனால்தான் இது அதன் பின்னால் வைக்கப்பட்டது. எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. ஆசையோ பகையோ அல்ல, நன்றி என்ற நல்ல குணமே தராசைச் சாய்க்கும் என்கிறார். நம் சமுதாயத்தில் இது ரொம்பவே உண்மை. பிள்ளைக்கு உதவித்தொகை எழுதிக் கொடுத்தவர், கோயில் நிலப் பிரச்சினையில் கூட நின்றவர், அடையாள அட்டைக்கு அலைந்தபோது கையெழுத்துப் போட்டவர், எல்லாருக்கும் ஒரு கட்சி உண்டு. அந்தக் கட்சிக்காரர் மாட்டும்போது நாக்கு எழவில்லை என்றால் அது புரிகிறது. ஆனால் புரிவது வேறு, சரி என்பது வேறு.

நான் படிப்பது இயந்திரவியல். முதல் ஆண்டு பரிசோதனைக் கூடத்தில் வெர்னியர் அளவியைக் கையில் கொடுத்ததும் முதலில் வாயை மூடிப் பார்க்கச் சொல்வார்கள் (அளவியின் வாயை!). எதையும் பிடிக்காதபோதே 0.3 மில்லிமீட்டர் காட்டினால், அதுதான் அதன் பூஜ்யப் பிழை. அதற்காக யாரும் கருவியைத் தூக்கிப் போடுவதில்லை. பிழையைக் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அளவிலும் கழிப்போம். கட்சிப் பற்றும் அப்படித்தான். விட்டுவிடச் சொல்லவில்லை, எவ்வளவு என்று தெரிந்து வைத்திருக்கச் சொல்கிறேன்.

இதைச் சோதிக்க எங்கள் கிளை வகுப்பில் இரண்டு குற்றச்சாட்டுகளையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். பெயர், மாநிலம், கட்சி, ஆண்டு எதுவும் இல்லை. விலைகள் மட்டும். "எந்தக் கட்சின்னு சொல்லுங்கண்ணே, அப்புறம் பதில் எழுதுறேன்" என்றான் ஒரு தம்பி. எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் அதற்குப் பிறகும் பலர் பேனாவை எடுக்கவில்லை. சிலர் வேகமாக எழுதினார்கள்: "ரெண்டு பேருமே திருடனுங்க."

இதையும் நான் ஏற்கவில்லை. பார்க்க நடுநிலை மாதிரி இருக்கும், உண்மையில் சோம்பேறித்தனம். ஒருவர் முழு விசாரணை முடிந்து, மூன்று நீதிமன்றங்களில் தோற்றவர். இன்னொருவர் விடுவிக்கப்பட்டவர், சட்டத்தின் கண்ணில் குற்றமற்றவர். அதே நேரம், அவர் வழக்கில் சாட்சியங்களை முழுசா எடைபோட்டு ஒரு தீர்ப்பு வரவே இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். அவருடைய ஆதரவாளருக்கு இரண்டாவது வாக்கியம் தொண்டையில் சிக்கும், எதிரிக்கு முதலாவது.

நாடாளுமன்றத் தேர்தலில் 18 வயதினர் முதன்முறையாக ஓட்டுப் போட்டது 15-ஆவது பொதுத் தேர்தலில்தான். நம் வகுப்பில் பாதிப் பேர் அந்த வயதுக்காரர்கள். அடுத்த வகுப்புக்கு ஆளுக்கொரு தாள் கொண்டு வாருங்கள். உங்களுக்குப் பிடித்த கட்சிக்காரர் ஒருவர் மாட்டிய விவகாரம், அதில் நிரூபணமானது எது, இன்னும் வெறும் குற்றச்சாட்டாக நிற்பது எது என்று இரண்டு பத்திகளில் பிரித்து எழுதுங்கள். ஆள் பெயரும் கட்சிப் பெயரும் வேண்டாம். தாள்களைக் கலைத்து மாற்றிக் கொடுப்போம்.