அடங்கலில் இல்லாத பயிர்

2021 தை மாதம். பொங்கலுக்கு முன்னும் பின்னும் விடாமல் மழை. கதிர் முற்றி, இன்னும் பத்து நாளில் அறுக்கலாம் என்றிருந்த இரண்டு ஏக்கர் தூயமல்லி பாய் விரித்தது போலப் படுத்துவிட்டது. வடியவும் வழியில்லை, கண்மாயே மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. நாலாம் நாள் வரப்பில் நின்று கதிரைத் தூக்கிப் பார்த்தேன். நெல் முளைவிட்டிருந்தது.

அந்த மழைக்கு மாநில அரசு நிவாரணம் அறிவித்தது. அன்றைய பேரிடர் நிதி விதிமுறைப்படி பாசன நெல்லுக்கு எக்டேருக்கு 13,500 ரூபாய். மாநில அரசு அதை 20,000 ஆக உயர்த்தியது. ஏக்கருக்குச் சுமார் எட்டாயிரம். என் இரண்டு ஏக்கருக்குப் பதினாறாயிரம் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அந்த அம்மா கணக்கைத் திருப்பிக் காட்டினார். "சார், உங்க சர்வே நம்பர்ல தரிசுன்னுல்ல இருக்கு. தரிசுக்கு எப்படி சார் நிவாரணம் எழுதுறது?"

எனக்கு முன் இருந்தவர் சில வருடம் சும்மா போட்டிருந்த நிலம் அது. நான் வாங்கி, திருத்தி, நட்டேன். அடங்கலில் பதிந்திருக்கிறதா என்று ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று வருடம் வங்கியில் உட்கார்ந்து, "அடங்கல் கொண்டு வந்தீங்களா?" என்று எத்தனை உழவர்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! என் பயிருக்கு நானே அடங்கல் வாங்கவில்லை. குற்றம் யாருடையதும் இல்லை, என்னுடையதுதான்.

நம் இயற்கை உழவர்கள் பலருக்கு இதே நிலைதான். நாம் கடன் வாங்குவதில்லை, உரக்கடைக்குப் போவதில்லை. நல்லதுதான். ஆனால் கடனும் உரமும் வேண்டாம் என்று ஒதுங்கும்போது, அரசாங்கக் கணக்கிலிருந்தும் நாம் காணாமல் போய்விடுகிறோம். மழை அடித்த பிறகு போய், "நானும் உழவன்தான்" என்று சொன்னால் கேட்க ஆளில்லை. அந்த வருடம் பட்டதிலிருந்து கற்றதைப் பாடமாக எழுதுகிறேன்.

மூன்று பைகள்

பேரிடர் வந்தால் உழவனுக்குப் பணம் மூன்று வழியில் வரலாம். மூன்றும் வேறு வேறு பை. ஒன்றில் கிடைக்கவில்லை என்றால் இன்னொன்றும் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

முதல் பை: நிவாரணம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலத்திலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. நம் மாநிலத்துக்கு அதில் ஒன்றிய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25. இதற்கு நாம் கட்டணம் எதுவும் கட்டுவதில்லை. 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமானால்தான் கிடைக்கும். 2015க்கு முன் இந்த எல்லை 50 விழுக்காடாக இருந்தது.

2022 முதல் 2026 வரைக்கான விதிமுறையில் மானாவாரிப் பயிருக்கு எக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒருவருக்கு இரண்டு எக்டேர் வரை. கறவை மாடு இறந்தால் 37,500, ஆடு இறந்தால் 4,000. இடி விழுந்து ஆடு செத்தால் உடனே புதைத்துவிடுகிறோம். அப்படிச் செய்யக் கூடாது. வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லி, கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தந்த பிறகே புதைக்கணும்.

17,000 என்பது ஏக்கருக்கு ஏழாயிரத்துக்கும் கொஞ்சம் குறைவு. போட்ட செலவைத் திருப்பித் தரும் பணம் இல்லை இது. அடுத்த நடவுக்கு ஒரு கைத்தாங்கல், அவ்வளவே.

இரண்டாம் பை: காப்பீடு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரிப் பருவத்தில் தொடங்கியது. உழவர் பங்கு காரிப் பயிருக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபிப் பயிருக்கு 1.5, வணிகப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5. நம் சம்பா ராபியில் வருகிறது. எடுத்துக்காட்டுக்கு, காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 என்றால் நாம் கட்ட வேண்டியது 540 ரூபாய். 2020 காரிப் முதல் கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயம் இல்லை.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இழப்பை உங்கள் வயலை வைத்துக் கணக்கிடுவதில்லை, ஊரை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஊரில் சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி எடுப்பார்கள். முந்தைய ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியிலிருந்து ஓர் உத்தரவாத மகசூல் வைத்திருப்பார்கள். அது எக்டேருக்கு 3,000 கிலோ என்று வைப்போம். இந்த வருடம் ஊர்ச் சராசரி 2,100 என்றால் குறைவு 30 விழுக்காடு. காப்பீட்டுத் தொகை 36,000 என்றால் ஏக்கருக்கு 10,800 வரும். உங்கள் வயலில் மட்டும் போய், ஊரில் விளைந்திருந்தால் ஒன்றும் வராது. அதேபோல, பாரம்பரிய நெல் போட்டதால் உங்களுக்கு விளைச்சல் குறைவு என்பதாலும் பணம் கூடாது, குறையாது.

இதற்கு விதிவிலக்கு உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்ற குறிப்பிட்ட இடத்துச் சேதத்துக்குத் தனி வயலைப் பார்ப்பார்கள். அறுத்துக் களத்தில் காயப்போட்ட கதிர் பருவம் தப்பிய மழையில் நனைந்தாலும் அப்படியே, அறுத்த நாளிலிருந்து 14 நாள் வரை. வயலில் வெள்ளம் தேங்குவது நெல்லுக்கு 2018இல் இந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2026 காரிப் முதல் மீண்டும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. இவற்றுக்கெல்லாம் சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். எண் 14447. மழை விடட்டும், தண்ணீர் வடியட்டும் என்று இருந்தால் மூன்று நாள் ஓடிவிடும்.

மூன்றாம் பை: வங்கி. இது நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தது. ரிசர்வ் வங்கி 2018 அக்டோபரில் வெளியிட்ட இயற்கைச் சீற்ற நிவாரண நெறிமுறையில், அறிவிக்கப்பட்ட பகுதியில் 33 முதல் 50 விழுக்காடு பயிர் போனால் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றி இரண்டு ஆண்டு வரை அவகாசம் தரலாம் என்று இருந்தது. 50க்கு மேல் போனால் ஐந்து ஆண்டு வரை. புதுப் பயிருக்குப் புதுக்கடனும் கேட்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை: பேரிடர் நடந்த நாளில் கடன் தவணை தவறியிருக்கக் கூடாது. எத்தனையோ பேரை நான் இதனால்தான் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. "வெள்ளம் வந்துருச்சு, எப்படியும் தள்ளுபடி வரும்" என்று புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். தள்ளுபடி வரும் வராது, நம் கையில் இல்லை. கெடு தேதிக்கு முன் புதுப்பித்து வைப்பது நம் கையில் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் கணக்குக்குத்தான் வங்கி மேலாளர் உதவ முடியும். மனம் இருந்தாலும் மற்றதற்கு அவருக்கு வழியில்லை.

மூன்று பைக்கும் ஒரே சாவி

அடங்கல்தான் சாவி. எந்த சர்வே எண்ணில், எவ்வளவு பரப்பில், இந்தப் பசலியில் என்ன பயிர் என்று சொல்லும் கணக்கு அது. சிட்டா இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். நிலத்தில் என்ன நின்றது என்பதை அடங்கல்தான் சொல்லும். 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களைக் கொண்டு மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. யார் வந்து எடுத்தாலும், அந்த நேரத்தில் நாம் வயலில் இருப்பது நல்லது. நாம் வரப்பில் துவரையும் நடுவில் உளுந்துமாகக் கலந்து போடுகிறவர்கள். வருகிறவர் கண்ணுக்கு ஒரு பயிர்தான் தெரியும். நின்று சொல்லணும்.

குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்பவர் கதை இன்னும் மோசம். என் பக்கத்து வயல்காரர் இருபது வருடமாக வாரத்துக்குச் செய்கிறார். அதே தை மழையில் அவருக்கும் போனது. அடங்கல் ஒழுங்காக இருந்ததால் நிவாரணமும் வந்தது. வந்தது சென்னையில் இருக்கும் பட்டாதாரரின் கணக்குக்கு. அவர் நல்ல மனிதர், கேட்டதும் அனுப்பிவிட்டார். எல்லாருக்கும் அப்படி அமையுமா? குத்தகை உரிமையைப் பதிவதற்கு 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நிலக்காரர்கள் பயப்படுவதால் பதிவது குறைவு. பதிய முடியாவிட்டால், பயிர் செய்பவர் இவர்தான் என்று வி.ஏ.ஓ. தரும் சான்றையாவது பருவத் தொடக்கத்திலேயே வாங்கிக் காப்பீட்டைத் தன் பெயரில் கட்டணும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன. பிறகு பல கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியது. பழைய பாஸ்புக்கை நகலெடுத்துக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகும். ஆதாரில் ஒரு பெயர், பட்டாவில் தாத்தா பெயர், பாஸ்புக்கில் இன்னொரு எழுத்து என்று இருந்தாலும் அதே கதி. மழை இல்லாத நாளில் ஒரு நடை போய்ச் சரிசெய்துகொள்ளுங்கள். ஜமாபந்தி நடக்கும்போது மனு கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

தனியாக முடியாதது

இதையெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியாக அலைந்து செய்தால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். நான் வாங்கிய அடிக்குப் பிறகு எங்கள் ஊரில் பதினாலு குடும்பம் சேர்ந்தோம். சங்கம் என்று பெயர்கூட வைக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு, அவ்வளவுதான். நடவு முடிந்த இருபதாம் நாள் எல்லார் சர்வே எண்ணும் பயிரும் அதில் ஏறும். இரண்டு பேர் போய் வி.ஏ.ஓ. கணக்கோடு ஒப்பிட்டு வருவார்கள். அந்த அம்மாவுக்கும் இது வசதி. "இப்படி எழுதிக் கொண்டாந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம் சார்" என்றார். மழை அடித்தால் ஒருவர் வயலை இன்னொருவர் தேதியோடு படம் எடுப்பார். வயல் பள்ளத்தில் கிடக்கும் பெரியவர்களுக்கு 14447 பேசித் தருவது கல்லூரிப் பிள்ளைகள் வேலை.

நோட்டுக்குப் பின்னால் இன்னொரு வேலை வந்தது. ஏன் எங்கள் வயல் மட்டும் வடியவில்லை என்று நடந்து பார்த்தோம். கண்மாயின் மறுகால் ஓடையில் கருவேல மரம் அடைத்துக் கிடந்தது. நான் வரப்பில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த நாளில், தண்ணீர் போக வழியில்லாமல் நின்றது இந்த இடத்தில்தான். 2024 அக்டோபர் 25ஆம் தேதி மதுரை நகரில் ஒரே நாள் மழைக்குச் செல்லூர்ப் பக்கம் வீடுகளில் தண்ணீர் புகுந்ததே, அங்கும் கண்மாய்த் தண்ணீர் போகும் வழிதான் கேள்வி.

கண்மாய் மராமத்து நமக்குப் புதிதல்ல. ஊர் கூடிச் செய்த அந்த வழக்கத்துக்கு வெள்ளைக்காரன் 1858இல் சட்டமே போட்டான். 2017இல் மாநில அரசு குடிமராமத்து என்ற பெயரில், உழவர் பங்கு பத்து விழுக்காடு என்று மீண்டும் தொடங்கியது. இப்போது விவசாயத்துக்கு வண்டல் மண் இலவசமாக எடுக்கத் தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம். கண்மாயும் ஆழமாகும், நம் மேட்டு நிலத்துக்கு உரமும் ஆகும். மறுகால் ஓடையை நாங்கள் வெட்டியது மூன்று ஞாயிற்றுக்கிழமை. செலவு சாப்பாடும் ஒரு நாள் ஜே.சி.பி. வாடகையும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படி ஒன்று வந்தால் எங்கள் ஓடை தாங்காது. அது எங்களுக்குத் தெரியும். வழக்கமான தை மழைக்குத் தாங்கும்.

விதையும் அப்படித்தான். வெள்ளம் வந்து ஊர் முழுதும் போனால் விதைக்கு எங்கே போவது? நெல் ஜெயராமன் தம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ கொடுத்து நாலு கிலோவாகத் திரும்ப வாங்கிய வழியை நாங்களும் பிடித்தோம். ஒரே ரகத்தை மூன்று வீட்டில், மேட்டு வீடாகப் பார்த்து வைத்திருக்கிறோம். பள்ளத்து வயலுக்கு மடுமுழுங்கியும் பார்க்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகைப் பக்கம் உப்பேறிய நிலத்தை நம்மாழ்வார் ஐயா பசுந்தாள் விதைத்து மடக்கி உழச் செய்துதான் மீட்டார். அரசுப் பணம் வந்து சேர்வதற்குள் நிலத்தில் இறங்க விதை கையில் இருக்கணும்.

ஆடிக்குள் செய்ய வேண்டியவை

1. சிட்டா, ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒத்திருக்கிறதா பாருங்கள். உழவர் அடையாள எண் எடுக்காதவர் எடுத்துவிடுங்கள்.

2. ஊரில் ஒரு நோட்டுப் போடுங்கள். நட்டதும் அடங்கலைப் பாருங்கள், கையில் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

3. காப்பீட்டுக் கடைசித் தேதி சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும். அந்த ஆண்டு அறிவிப்பை உழவன் செயலியில் பாருங்கள். கடைசி நாளில் சர்வர் நிற்கும், முந்தைய வாரமே கட்டுங்கள்.

4. கடன் இருந்தால் கெடு தேதிக்கு முன் புதுப்பியுங்கள்.

5. 14447, மாவட்டப் பேரிடர் எண் 1077 இரண்டையும் மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதுங்கள்.

6. மழைக்கு முன் ஒருநாள் உங்கள் தண்ணீர் எங்கே போகிறது என்று கடைசி வரை நடந்து பாருங்கள்.

என் தூயமல்லியை அந்த வருடம் மாட்டுக்கு அறுத்துப் போட்டேன். முளைத்த நெல் கோழிக்கு ஆனது. இப்போது என் சர்வே எண்ணுக்கு நேரே "நெல், 2 ஏக்கர்" என்று இருக்கிறது. ஒவ்வொரு பசலியும் போய் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். வி.ஏ.ஓ. அம்மா சிரிப்பார், சிரிக்கட்டும். உங்கள் எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று நாளைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.