ஈரக் காற்றும் வீட்டு வயரிங்கும்

தரம் 13, பௌதிக விஞ்ஞானப் பிரிவு

வீடு கட்டும்போது கல்லையும் ஓட்டையும் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். சுவருக்குள் மறைந்துபோகும் வயரை எவரும் அப்படிப் பார்ப்பதில்லை. பின்னர் வோஷிங் மெஷின், ஏசி, தண்ணீர் மோட்டார் என ஒவ்வொன்றாக வந்து சேர, பழைய வயரிங்கை மாற்றுவதற்கு வயரிங் பாஸை அழைக்கிறோம். "எவ்வளவு முடியும்?" என்று கேட்கிறோம். "என்னென்ன சோதித்துத் தருவீர்கள்?" என்று கேட்பதில்லை. கல்முனை, சாய்ந்தமருது போன்ற கரையோர ஊர்களில் இந்த இரண்டாவது கேள்வியே உயிரைக் காக்கும் கேள்வி. அது ஏன் என்பதை நான் உயர்தர வகுப்பில் கற்கும் பௌதிகவியலைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

ஈரம் என்ன செய்கிறது?

தூய நீர் மின்னை மிகக் குறைவாகவே கடத்தும். உப்புக் கரைந்த நீர் நன்றாகக் கடத்தும். கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து சுவிட்ச் பெட்டிகளுக்குள் படியவிடுகிறது. அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, மின் கசியக்கூடிய மெல்லிய படலமாக மாறுகிறது. செப்புக் கம்பியின் மூட்டுகளில் பச்சை நிறக் களிம்பு ஏறுகிறது. களிம்பேறிய மூட்டின் தடை அதிகரிக்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2000 வாற்று மின்கேத்தல் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். பிளக் பொயின்டின் மூட்டில் வெறும் 0.5 ஓம் தடை இருந்தாலும், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கும்போது, அங்கே ஏறக்குறைய 38 வாற்று வெப்பம் பிறக்கிறது. ஈயம் பற்றவைக்கும் அயனின் வெப்பம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். பிளக் பொயின்ட் கருகுவதும், பிளாஸ்டிக் உருகும் மணம் வருவதும் இதனாலேயே. மின்னோட்டம் கூடாததால் எந்த சுவிட்சும் தானாக விழாது.

எது எம்மைக் காக்கும்?

மின்பெட்டியில் வரிசையாக உள்ள சிறிய சுற்றுடைப்பான்கள் வயரைக் காப்பவை. மனிதரைக் காப்பவை அல்ல. ஈரமான உடலின் தடை சுமார் 1000 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் அதனூடாக 0.23 அம்பியர் பாயும். 16 அம்பியர் சுற்றுடைப்பானுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 0.01 அம்பியரிலேயே பிடித்த கையை விடுவிக்க முடியாமல் போகலாம்.

மனிதரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். உயிர்க்கம்பியால் போகும் மின்னோட்டமும் நொதுமற்கம்பியால் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லியம்பியரை எட்டினால் 0.3 செக்கனுக்குள் மின்னைத் துண்டிக்கும். வீட்டிலுள்ளவர்களின் பாதுகாப்புக்கு 30 மில்லியம்பியர் என்று குறிக்கப்பட்டதே வேண்டும்; 100 அல்லது 300 என்று குறிக்கப்பட்டது போதாது.

ட்ரிப் சுவிட்ச் இருந்தால் புவிக்கம்பி தேவையில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். வோஷிங் மெஷினின் உலோக உடலில் மின் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். புவிக்கம்பி இருந்தால் கசிவு அதன் வழியே நிலத்துக்குச் செல்லும். எவரும் தொடுவதற்கு முன்பே சுவிட்ச் விழுந்துவிடும். புவிக்கம்பி இல்லாவிட்டால், அதைத் தொடும் உம்மாவின் உடலே அந்தக் கம்பியாகிறது. அதன் பிறகுதான் சுவிட்ச் விழும்.

பாஸிடம் கேட்க வேண்டியவை

1. மின்னிணைப்புத் தொழிலில் தேசிய தொழிற் தகைமையின் 3ஆம் மட்டமோ அதற்கு மேலோ உள்ளதா? சான்றிதழைக் காட்டுமாறு பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

2. காவலித் தடையை மெகர் கருவியால் அளந்து தருவாரா? மெயின் சுவிட்சை நிறுத்தி, சாதனங்களைக் கழற்றிவிட்டு, 500 வோல்ட்டில் அளக்கும்போது குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும்.

3. புவித்தொடுப்பின் தடையையும் கருவியால் அளப்பாரா? கோலை நிலத்தில் இறக்கினால் மட்டும் போதாது. காய்ந்த கடல் மணல் மின்னை நன்றாகக் கடத்தாது.

4. பிளக் பொயின்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போடுவாரா? வெளிச்சுவரிலுள்ள பெட்டிகளுக்கு மூடியிட்டு, மழைநீர் வயர் வழியே இறங்காதபடி வயரைக் கீழ்ப்புறமாக நுழைப்பாரா?

இவற்றில் இரண்டாவதையும் மூன்றாவதையும் எப்போது அளப்பது என்பதும் முக்கியம். காவலி மாரியில்தான் பலவீனமாகும். புவித்தொடுப்பு கோடையில்தான் பலவீனமாகும். ஆகவே காவலியை மாரியிலும், புவித்தொடுப்பைக் கோடையிலும் இன்னொரு முறை அளப்பது நல்லது.

பேசிய விலை, வயரின் அளவு, சோதனைகள் அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரதுல் பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. எழுதுவது சந்தேகப்படுவதாகாது, இரு தரப்பாருக்கும் அது பாதுகாப்பு.

எமது பொறுப்பு

பல வீடுகளில் வாப்பா தொழிலுக்காக வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார். அங்கெல்லாம் இந்த வேலை எம்முடையது. மாதம் ஒரு முறை ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் விழாவிட்டால் உடனே பாஸை அழையுங்கள். விழுந்தால் சுவிட்ச் நலமாக உள்ளது என்பது மட்டுமே பொருள். புவிக்கம்பி நலமா என்பதை அந்தப் பொத்தான் சொல்லாது.

மழை நாட்களில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால், "தொல்லை" என்று அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து அதற்கு இடங்கொடுக்காதீர்கள். எங்கோ ஈரம் புகுந்துவிட்டதென்று அது எமக்கு அறிவிக்கிறது. புகுந்த இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்துவதே வழி.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டுவதே தவக்குல். மின்பெட்டியின் முன் நிற்கும்போதும் அது பொருந்தும்.